ரிப்பேருக்கு வந்த இரண்டு ஸ்பீக்கர்கள்

மிக்ஸிங் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" நான் எந்தப் பெயரும் சொல்வதில்லை. மேஜை மேல், முகத்துக்கு ஒரு கை தூரத்தில் வைத்துக் கேட்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்களை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவை கெட்டுப்போய்விட்டன என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிப் போட்டவன். அப்படிப்பட்ட ஆளிடம் யோசனை கேட்பதில் என்ன பயன்? ஆனால் கழற்றிப் போட்ட பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிடுகிறது. ஆகவே அதைச் சொல்லுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவு நிலையம் வைத்திருந்தேன். நிலையம் என்பது பெரிய வார்த்தை. அடிப்படையில் நான் ரேடியோ மெக்கானிக். பக்கத்து அறையில் ரிப்பேர் வேலை, இந்த அறையில் பதிவு. சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம், ஜன்னலை அடைத்து ஒரு பஞ்சு மெத்தை, நடுவில் நாலு டிராக் கேசட் ரிக்கார்டர் ஒன்று. மதுரைக்கும் சென்னைக்கும் போக முடியாத வில்லுப்பாட்டுக் குழுக்கள், நாடகக்காரர்கள், ஜெபக்கூட்டப் பாடகர்கள் எல்லாரும் என் மாடிப்படிதான் ஏறுவார்கள்.

என் பெருமை எல்லாம் மூலைக்கு ஒன்றாக நின்ற இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் இருந்தது. மூடிப்போன டூரிங் டாக்கீஸிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவை. பீரோ உயரம். தவிலை ஒரு தட்டு தட்டினால் கேட்பவர் வயிற்றில் இடிக்கும். பாட வந்தவர்களை அதன் எதிரே உட்காரவைத்து அவர்கள் பாட்டையே போட்டுக் காட்டுவேன். முகம் மலர்ந்து போவார்கள். அந்த முகங்களைப் பார்த்தே நான் நல்ல மிக்ஸர் என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஒரே ஒரு குறை. சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறிக் கூடம். இருபது தறிகள். ஷிப்டு மாற்றி ஷிப்டு ஓடும், சாப்பாட்டு நேரத்திலும் பாதித் தறி ஓடும். நாங்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டோம். பழகிவிட்டோம் என்பதைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

அந்த வருடம் பங்குனியில் கோமதி அக்காவின் வில்லுப்பாட்டுக் கேசட் என் அறையிலிருந்து வெளியானது. குருவிகுளம் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் நாணில் அடிக்கிற வீசுகோலை எடுத்தாரென்றால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் குழந்தைகூட அசையாது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பவர் அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி அண்ணாச்சி. பேச மாட்டார். பேச வேண்டியதை எல்லாம் குடத்தின் வாயில் மட்டையால் அடித்துவிடுவார். பதிவு முடிந்து பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியபோது இருவருக்கும் பரம திருப்தி. எனக்கும்தான்.

சித்திரை பிறந்து பத்து நாளில் இருவரும் மறுபடி மாடி ஏறி வந்தார்கள். அக்கா உட்காரவில்லை. கேசட்டை மேஜை மேல் வைத்தார்.

"தம்பி, இதுல பாடுதது யாரு?"

"நீங்கதான் அக்கா."

"நானா? டீக்கடையில போட்டிருந்தான், நின்னு கேட்டேன். தொண்டையில முள்ளு குத்துன கோழி மாதிரி ஒருத்தி கத்துதா. நம்ம ஊருல யாருடா இந்தப் பாவின்னு நெனச்சேன். பொறவு பாத்தா என் கதை, என் பாட்டு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கயத்தாறு பக்கம் ரெண்டு கொடை போச்சு. வருசா வருசம் நான்தான் பாடுவேன். இந்த வருசம் வேற செட்டை அமத்திட்டாவ. கேட்டா, ஒனக்குத் தொண்டை போயிட்டுன்னு கேசட்டுல கேட்டோம் தாயிங்காவ. சரி, என்னைய விடு. இவரு எங்க?" வேலுச்சாமி அண்ணாச்சியைக் காட்டினார். "முப்பது வருசமா என் பக்கத்துல ஒக்காந்து குடம் அடிக்காரு. கேசட்டுல ஆளையே காணல."

வேலுச்சாமி அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்தேன்லா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கு நான் சொன்ன பதில், தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில். டீக்கடைக்காரன் டேப் ரிக்கார்டர் மட்டம், ஹெட் தேய்ந்திருக்கும், கேசட் காப்பி எடுத்தவர் கெடுத்திருப்பார். பெரிய ஸ்பீக்கரில் போட்டும் காட்டினேன். குடம் இடித்தது, குரல் கணீரென்று நின்றது. அக்கா கேட்டு முடித்துவிட்டு, "இந்த ரெண்டு பெட்டியையும் ஊர் ஊரா கொண்டுபோயா என் கேசட்டைப் போடுவாவ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார். வாடிக்கையாளர் இப்படி ஒன்று கேட்டால் அதற்கு அன்றைக்கே பதில் தேடுங்கள். நான் தேடவில்லை. பதில் தானாக ஆட்டோவில் வந்தது.

கொண்டுவந்தவர் கடையநல்லூர் மைதீன் பாய். என் வயதுக்காரர், வளைகுடாவில் டிரைவர். ஆடியோ கம்பெனி நடத்துகிற ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். அந்த முதலாளி தன் ஸ்டூடியோவைப் புதுப்பித்தபோது பழசில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை மைதீனுக்குக் கொடுத்திருக்கிறார். கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு, தலையணை அளவுதான். பாய் அதைப் பிள்ளையைப் போலக் கொண்டுவந்து வீட்டில் மாட்டியிருக்கிறார். மாட்டிய நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

"ரிப்பேரு வே," என்று மேஜையில் வைத்தார். "பேஸே வரல. எங்க வீட்ல சொல்லுதா, பாட்டெல்லாம் மூணு நாள் பட்டினி கெடந்த மாதிரி இருக்குன்னு. மச்சினன் அவன் பங்குக்கு, இதத் தூக்கிட்டா கடல் தாண்டி வந்தீரு மச்சான்னு சிரிக்கான். என் மானத்தக் காப்பாத்தும்."

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சப்பென்று இருந்தது. உடனே என் நிபுணத்துவம் விழித்துக்கொண்டது. உள்ளே காயில் கம்பி போயிருக்கும், கப்பலில் ஈரம் ஏறியிருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு இரண்டையும் கழற்றினேன். எல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு பழுதும் இல்லை. பழுது இல்லாத பொருளில் இரண்டு நாள் பழுது தேடிப் பார்த்திருக்கிறீர்களா? மனிதனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. அந்தக் காலத்தில் அது அன்றாட விஷயம். கார் ஸ்டீரியோ ரிப்பேருக்காக ஒரு லாரி பேட்டரி வைத்திருந்தேன். அதில் ஒரு கார் ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் மாட்டி, மைதீன் பாயின் ஸ்பீக்கர்களை முன்னால் மேஜையில் வைத்து, கைக்கு அகப்பட்ட கேசட்டைச் சொருகினேன். கோமதி அக்காவின் கேசட்.

டீக்கடையில் அக்கா கேட்டதை நான் கேட்டேன். குரலில் நெஞ்சே இல்லை, தொண்டை மட்டும் இருந்தது. குடத்தைக் காணவில்லை, மட்டை படுகிற சத்தம் மட்டும் 'டப் டப்' என்று எங்கோ கேட்டது. என் பெரிய ஸ்பீக்கர்கள் மூலையில் நின்று இல்லாத பேஸ் கனத்தை எல்லாம் தாமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. கனம் அதிகமாகிறதே என்று நான் டேப்பில் இருந்த கனத்தை வெட்டி எறிந்திருக்கிறேன். வேலுச்சாமி அண்ணாச்சியை நான்தான் கேசட்டிலிருந்து வெளியேற்றியிருக்கிறேன்.

அது போதாதென்று பாட்டுக்கு அடியில் தறி ஓடியது. கடக் கடக் என்று நிற்காமல். தறிக்காரர்கள் கரண்ட் இல்லாமலும் ஓட்டுகிறார்களோ என்று ஜன்னல் மெத்தையை விலக்கினேன், ஒன்றும் புரியவில்லை. இறங்கி ஓடி, தறிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். இருபது தறியும் செத்துக் கிடந்தன. நெசவாளர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சண்முகம் மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்தபடி என்னைப் பார்த்தார். அந்தக் கூடத்தின் பொறுப்பு முழுக்க அவருடையது.

"என்ன வே, இப்படி ஓடியாறீரு?"

"தறி ஓடுதான்னு பாக்க வந்தேன் அண்ணாச்சி."

"கரண்டு இல்லாம தறி எப்படி ஓடும்?"

"அதான் எனக்கும் தெரியல. மாடியில கேக்குது."

மேஸ்திரி பக்கத்தில் இருந்தவரிடம், "இவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்கப்பா," என்றார்.

மாடிக்குத் திரும்பி, டேப்பை நிறுத்தினேன். தறி நின்றது. போட்டேன். ஓடியது. பதிவு செய்யும்போதும் தறி ஓடுகிறது, மிக்ஸ் செய்யும்போதும் ஓடுகிறது. டேப்புக்குள் இருக்கிற தறி எது, சுவருக்கு அந்தப்புறம் இருக்கிற தறி எது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் அதுவரை வெளியிட்ட அத்தனை கேசட்டிலும் சங்கரன்கோவில் விசைத்தறி வாசித்திருந்தது. ஜெபக் கீதங்களிலும்கூட. முதலில் வியர்த்தது. பிறகு, என்னவோ தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பொய் சொல்லாத ஸ்பீக்கரை இரண்டு நாள் கழற்றிக் கழற்றி மாட்டி ஒழுங்காகப் பொய் சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன்.

இனி வருவதுதான் என்னைச் சோதித்த இடம். மைதீன் பாய் வந்து, "சரியாயிட்டா?" என்று கேட்டார். 'தேறாது பாய், பெட்டி போயிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னிடமே விட்டுவிட்டுப் போயிருப்பார். வீட்டுச் சண்டை தீர்ந்தால் போதும் அவருக்கு. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லாத பொருளைப் பொய் சொல்லி வாங்குவதா என்று கூசியது.

"பாய், இதுல ரிப்பேரே இல்ல. கேசட்டுல என்ன இருக்கோ அதத்தான் சொல்லுது."

"அப்ப எங்க வீட்ல இருக்கிற கேசட்டெல்லாம் ரிப்பேருங்கீரா?"

"முக்கால்வாசி. அதுல பாதி நான் செஞ்சது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற பெரிய ஸ்பீக்கரைப் பார்த்தார். "அது என்ன செய்யும்?"

போட்டுக் காட்டினேன். முதல் அடியிலேயே அவர் சட்டைப் பையில் இருந்த பேனா ஆடியது. "வல்லாகி, சத்தியமா இதுல்லா ஸ்பீக்கரு," என்றார். அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. என் பீரோக்கள் இரண்டும் வேனில் ஏறிக் கடையநல்லூர் போயின. தலையணைகள் இரண்டும் என் மேஜையில் தங்கின. மறு வாரம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: மச்சினன் வாயடைத்துவிட்டான், அலமாரியில் இருந்த கண்ணாடித் தட்டு ஒன்று உடைந்துவிட்டது, வீட்டில் எல்லாரும் சந்தோஷம்.

நான் குருவிகுளத்துக்குப் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்த தப்பை ஒளிக்காமல் சொன்னேன். ஆடிக் கொடைகளுக்கு முன்னால் முழுக் கதையையும் திரும்பப் பதிவு செய்து தருகிறேன் என்றேன். அக்கா வீட்டுக்காரரைக் கையால் காட்டினார்.

"இவரு குடம் கேக்குமா?"

"கேக்கும் அக்கா. நான் பொறுப்பு."

வேலுச்சாமி அண்ணாச்சி எழுந்துபோய்க் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அதுதான் சம்மதம்.

அவர்கள் ஊரிலேயே பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தோம். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் மைக்கை நட்டு, அம்மன் பிறக்கிற கட்டத்தைத் தொடங்கியதும் முந்நூறு செம்மறியாடு மேய்ச்சலுக்குப் புறப்பட்டது. பிறந்த அம்மனை அத்தனை ஆடும் வரவேற்றது. நாலு நாள் நாலு விதமாகப் பார்த்தோம், ஆடுகள் எங்களைவிட ஒழுங்காக நேரத்துக்கு வந்தன.

ஆகவே என் மாடிதான். தறி நிற்பது கரண்ட் போனால்தான். ரிக்கார்டர் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். லாரி பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனதும் பதிவு, இதுதான் திட்டம். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. ஊரெல்லாம் கரண்ட் போனால் திட்டுகிறது, நாங்கள் மட்டும் வில்லைக் கட்டி, குடத்தை வைத்து, மைக்கை நிமிர்த்தி, விசிறி எப்போது நிற்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாள் பதினொரு மணிக்குப் போயிற்று. அக்கா எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருந்தார். கதை ஓடி, அம்மன் நீதி கேட்டு ஊர்ச் சபைக்குள் காலடி எடுத்து வைக்கிறாள். அந்தக் காலடியில் கரண்ட் வந்தது. இருபது தறியும் ஒரே மூச்சில் எழுந்தன. அக்கா கண்ணைத் திறக்காமல் இரண்டு வரி பாடிவிட்டு, "சபையில கலவரம்போல," என்றார். குழு முழுக்கச் சிரித்து, அந்த டேப் போயிற்று.

இரண்டாம் நாள் கரண்ட் போகவே இல்லை. காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தோம். பத்தானது, பன்னிரண்டானது. விசிறி ஆனந்தமாகச் சுற்றியது. மதுரையில் கேசட் காப்பி எடுப்பவர் எனக்கு ஒதுக்கிய நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான். அதைத் தவறவிட்டால் அவர் மெஷினில் அடுத்த இடம் ஆடி முடிந்துதான் கிடைக்கும். அக்கா கோயில் இருந்த திசைக்குத் திரும்பிக் கும்பிட்டார்.

"தாயி, ஒரு மணி நேரம் கரண்ட எடுத்துக்கோ."

"இந்த ஊருல இன்னைக்குத்தான் கரண்டு ஒழுங்கா இருக்கு," என்றார் வேலுச்சாமி அண்ணாச்சி. அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்.

அப்போதுதான் சண்முகம் மேஸ்திரி மாடி ஏறி வந்தார். சாப்பிடப் போகிறவர், ஆறு பேர் வில்லும் கையுமாக ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் படியிலிருந்து பார்த்திருக்கிறார். "என்ன வே, துக்க வீடா?"

நான் வாயால் விளக்கவில்லை. மேஜைக்கு முன்னால் என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முந்தின நாள் கெட்டுப்போன டேப்பை, சுவருக்கு அந்தப்புறச் சத்தத்தை மீறிக் கேட்கும்படி கூட்டிப் போட்டேன். இரண்டு சின்ன ஸ்பீக்கருக்கும் நடுவில் அவர் முகம். அக்கா பாடினார், கரண்ட் வந்தது, தறி எழுந்தது. மேஸ்திரி நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, கண்ணை மூடினார்.

"இன்னொரு வாட்டி போடும்."

போட்டேன்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறை முடிந்ததும் விரலை உயர்த்தினார். "இது மூணாம் நம்பரு. கேட்டீரா, ஒரு அடி மட்டும் பிந்தி விழுது. ஊடுநூல் ஓட்டுற நாடாவ அடிக்கிற கட்டை தளந்திருக்கு. ரெண்டு வாரமா எந்தத் தறியில துணி கெட்டுப்போகுதுன்னு தலைய உடைக்கேன். கூடத்துக்குள்ள நின்னா இருபதும் சேந்து காத அடைச்சிருது. இங்கனல்லா தனியாக் கேக்கு."

சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து, அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பினார். கையெல்லாம் கிரீஸ்.

"மூணாம் நம்பருதான்." அக்காவைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார். முகம் மாறியது. "அப்போ எங்க சத்தந்தான் உங்க பாட்டக் கெடுக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"முக்கா மணி நேரம் போதுமா? நான் மெயின் சுவிட்ச எறக்குதேன். மொதலாளி கேட்டா மூணாம் நம்பரு ரிப்பேருன்னு சொல்லிக்கிடுதேன். பொய்யில்லையே."

அவர் போய் மெயினை இறக்கினார். சங்கரன்கோவிலில் எல்லா வீட்டிலும் விசிறி சுற்றிக்கொண்டிருக்க, ஒரே ஒரு கூடத்தில் மட்டும் அமைதி இறங்கியது. வேலையில்லாத நெசவாளர்கள் ஒவ்வொருவராக வந்து என் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் அக்கா. எதிரில் ஆட்கள் இருந்தால்தான் தனக்குக் கதை வரும் என்றார்.

அன்று அவர் பாடியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒரே மூச்சு. நான் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பல இடங்களில் முள் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

மதுரைக்கு டேப் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. நான்கு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவரை மிக்ஸிங்கைக் கரண்ட் இல்லாத நேரங்களில் மட்டும், பேட்டரியில், மெல்லிய சத்தத்தில் செய்தேன். குடம் வந்துவிட்டது. வேலுச்சாமி அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போனதும், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

கதையில் ஓர் இடம் உண்டு. சபை நடுவில் நிற்கிற பெண், "எனக்காகப் பேச இந்த ஊருல ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்பாள். வில் நிற்கும், குடம் நிற்கும். அக்கா இரண்டு மூச்சு சும்மா இருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அந்த மௌனத்தில், வெகு தூரத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"இருக்கேன் தாயி."

திரும்ப ஓட்டினேன். இருந்தது. மாடிப்படியிலிருந்து வந்த குரல். சண்முகம் மேஸ்திரி, தன்னை அறியாமல் சொல்லியிருக்கிறார். சின்ன ஸ்பீக்கர் மட்டும் இல்லையென்றால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்த மௌனத்தில் டிராக்கின் சத்தத்தை இறக்கிவிட்டால் குரல் போய்விடும், ஒரு விரல் வேலை. இறக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் கேள்வி செத்துப்போனது. ஏற்றிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. மறுபடி இறக்கினேன். ஏற்கெனவே ஒருமுறை இவர்கள் பாட்டில் இருக்கக்கூடாததை விட்டுவைத்து, இருக்க வேண்டியதை வெட்டியவன் நான். இது எந்த வகை? முன்னாலிருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டன. ஒரு குரல் இருக்கிறது என்று சொல்லும், அது இருக்கலாமா என்று சொல்லாது. அதைக் கேட்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். தம்பிகளே, தங்கைகளே, அந்த நாற்காலியில் நம்மை உட்காரவைத்திருப்பது அதற்குத்தான்.

மூன்று நாற்பதுக்குக் குரலை அப்படியே இருக்கவிட்டு டேப்பைப் பெட்டியில் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியில் நின்றுவிட்டது. பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பஸ் போன பிறகு பயம் வந்தது. அக்காவைக் கேட்கவில்லை, மேஸ்திரியைக் கேட்கவில்லை. மறுநாள் இருவரையும் வரச்சொல்லி, கரண்ட் போனதும் கைவசமிருந்த பிரதியை ஸ்பீக்கரில் போட்டேன். அந்த இடம் வந்தது. மேஸ்திரி குனிந்துகொண்டார். "தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா. வாய் தானா வந்துட்டு."

அக்கா என்னைப் பார்த்து, திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு முறையும் கேட்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருசமா கேட்டுக்கிட்டே வாரேன் தம்பி. இப்பத்தான் ஒருத்தன் பதில் சொல்லியிருக்கான். அழிச்சிருந்தீர்னா ஒம்மள விட்டிருக்க மாட்டேன்."

கேசட் வந்தது. டீக்கடைகளில் குடம் கேட்டது. பஸ்களில் கேட்டது. போன கொடைகள் திரும்பி வந்தன. ஆடியில் இளையரசனேந்தலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உச்சிக்கொடை, நடுப்பகலில் நடக்கிற கொடை. நானும் மேஸ்திரியும் போயிருந்தோம். நல்ல வெயில். வேப்பமரத்தடியிலும் பந்தலிலும் கோயில் மதிலிலும் ஜனம். அக்கா கதையை நடத்திச் சபைக்குக் கொண்டுவந்தார். கேள்வியைக் கேட்டார். வில் நின்றது. குடம் நின்றது.

பந்தல் முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது: "இருக்கோம் தாயி."

பந்தலுக்கு வெளியே பலகாரக் கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். மதில் மேல் இருந்தவர்கள் சொன்னார்கள். கேசட்டைக் கேட்டுக் கேட்டு, அந்த இடத்தில் பதில் சொல்வதுதான் முறை என்று ஊரே முடிவுசெய்திருந்தது. மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடி வலித்தது. மேடையில் வேலுச்சாமி அண்ணாச்சியின் கை குடத்துக்கு மேலே தூக்கியபடியே நின்றது. அக்கா அடுத்த வரிக்காக வாயைத் திறந்தார். வரவில்லை. நீதி கேட்டு வந்த அம்மன், கண்ணில் நீரோடு, சபை நடுவில் சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது. அவர் அடக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார், மறுபடி சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை வீசுகோலை வில்லின் மேல் ஓங்கி அடித்துக்கொண்டுதான் அவரால் கதைக்குள் திரும்பிப் போக முடிந்தது.